சராசரிக் காற்றை யாரும் சுவாசிப்பதில்லை



கனரக ஆலைகளை ஒட்டி வாழும் மக்களுக்குக் காற்று மாசினால் என்ன கேடு வரும், எவ்வளவு வரும், அதை எப்படிக் கணிப்பது என்பது இன்றைய பொருள். பொது சுகாதார மருத்துவராக வேலை பார்த்தவள் என்ற முறையில் இதைப் பேச வந்திருக்கிறேன். பொறியாளர்கள் புகைபோக்கியிலிருந்து தொடங்குவார்கள். நான் மூக்கிலிருந்து தொடங்குகிறேன்.

2023 டிசம்பர் 26. நள்ளிரவை ஒட்டிய நேரம். வடசென்னை எண்ணூரின் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அடித்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்த அதே மாதம் அது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் அன்றிரவு எடுத்த அளவை வெளியிட்டது. ஆலை வாயிலருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியா. வரம்பு 400. ஆக, ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்த எண்ணின்மேல் சற்று நின்று பார்க்க வேண்டும். 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு நேரத்தில் எடுத்த அளவை அதோடு ஒப்பிடுவதே பொருந்தாது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அம்மோனியாவோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் பரிந்துரைக்கும் வேலைநேர வரம்பு 25 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு. கனமீட்டர் கணக்கில் ஏறத்தாழ 17,000 மைக்ரோகிராம். 2090 என்பது அதில் எட்டில் ஒரு பங்கு. இந்த அளவுக்கு ஊரே மூச்சுத் திணறி ஓடாது. ஓடினார்கள் என்றால், அவர்கள் மூச்சில் போனது இதைப்போல் பல மடங்காக இருந்திருக்க வேண்டும். கருவி வந்து சேர்ந்தபோது காற்றில் மிச்சம் இருந்ததைத்தான் அது அளந்தது. அதிகாரபூர்வ ஆவணத்தில் நிற்கப்போவது அந்த 2090 மட்டுமே. நாளைக்கு ஒருவர் வந்து, ‘அந்த இரவில் மக்களுக்கு என்ன பாதிப்பு வந்திருக்க முடியும்’ என்று கணக்குப் போட்டால், 2090-ஐ வைத்துத்தான் போடுவார். நிரந்தரப் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்று முடிவும் எழுதுவார். அவர் கணக்கில் தவறு இருக்காது. ஆனால் அந்தக் கணக்கில் பெரியகுப்பத்து மக்கள் இருக்க மாட்டார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். நம் நாட்டில் காற்று மாசின் இடர் மதிப்பீடு, யார் சுவாசிக்கிறார்களோ அவர்களை விட்டுவிட்டுச் செய்யப்படுகிறது. சுவாசிக்கும் நேரத்தை விட்டுவிட்டு, சுவாசிக்கும் கலவையை விட்டுவிட்டுச் செய்யப்படுகிறது.

இடர் மதிப்பீட்டுக்கு ஒரு முறையான வடிவத்தை 1983-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வகுத்துக் கொடுத்தது. உலகம் முழுக்க இன்றும் அதுதான் அடிப்படை. ஒரு பொருள் கேடு செய்யுமா என்று முதலில் கேட்க வேண்டும். எந்த அளவுக்கு எவ்வளவு கேடு என்று அடுத்து. மக்களுக்குள் உண்மையில் எவ்வளவு போகிறது என்பது மூன்றாவது. இவற்றைச் சேர்த்து இடர் எவ்வளவு என்று சொல்வது நான்காவது. முதல் இரண்டுக்கும் உலகத்தில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் விடை கிடைத்துவிடும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பதை எண்ணூரை அடுத்த எர்ணாவூரில் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் அந்தந்த ஊரில்தான் விடை தேட வேண்டும். நாம் தவறவிடுவதும் அதைத்தான்.

எப்படித் தவறவிடுகிறோம் என்று பாருங்கள். தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்புத் திட்டத்தில் ஆட்களை வைத்து மாதிரி எடுக்கும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் அளக்கிறார்கள். ஆண்டுக்கு 104 நாள். மீதி நாட்களில் என்ன நடந்தது என்று அந்த நிலையத்துக்குத் தெரியாது. அளந்த நாட்களிலும் 24 மணி நேரச் சராசரிதான் வரம்போடு ஒப்பிடப்படுகிறது. தொடர்ந்து இரண்டு நாள் இல்லாதவரை, ஆண்டில் 2 விழுக்காடு நேரம் வரம்பைத் தாண்டினாலும் விதிப்படி குற்றமில்லை. ஆலைகள் நிறைந்த மணலியில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, மணிக்கு மணி அளவு தெரிகிறது, இது நல்ல முன்னேற்றம். ஆனால் தீர்ப்புச் சொல்லும்போது மறுபடி 24-ஆல் வகுத்துவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு நாளில் 23 மணி நேரம் காற்றில் கந்தக டைஆக்சைடு 20 மைக்ரோகிராம் இருக்கிறது. ராத்திரி இரண்டிலிருந்து மூன்று வரை ஒரு மணி நேரம் மட்டும் 800-க்கு ஏறுகிறது. எல்லாவற்றையும் கூட்டி 24-ஆல் வகுத்தால் 52.5. நம் வரம்பு 80. அந்த நாள் நல்ல நாள் என்று பதிவாகும். உலக சுகாதார நிறுவனமோ பத்து நிமிடச் சராசரிகூட 500-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. காரணம் மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்துமா உள்ள குழந்தையின் மூச்சுக்குழல் கந்தக டைஆக்சைடு பட்ட சில நிமிடங்களில் சுருங்கிவிடும். மறுநாள் இருபத்து மூன்று மணி நேரம் நல்ல காற்று வரப்போகிறது என்பது அந்தக் குழலுக்குத் தெரியாது.

எர்ணாவூரில் ஒரு வீட்டு மாடியில் மாதிரி எடுக்கும் கருவியைப் பொருத்தப் போயிருந்தபோது அந்த வீட்டம்மா சொன்னார்: “மேடம், நீங்க பகல்ல வந்து மிஷினை வெச்சுட்டுப் போறீங்க. கேஸு ராத்திரிலதான் அடிக்கும். கண்ணு எரியும், தொண்டை கப்புனு அடைச்சிக்கும். வந்தா எங்கூடப் படுத்துப் பாருங்க.” வீட்டுக்குள் கூட்டிப் போனார். ஃப்ரிட்ஜின்மேல் நெபுலைசர், தூசி படாமல் ஜவுளிக்கடைப் பையால் மூடி வைத்திருந்தது. பையனுக்கு நாலு வயது. ராத்திரி வீசிங் வந்தால் எழுப்பிப் புகை வைப்பாராம். கரண்ட் இல்லாத ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சுவரில் மாதக் காலண்டர். சில தேதிகளில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். கேஸ் அடித்த ராத்திரிகள். சில வட்டங்களுக்குள் சிறிதாக ‘பு’ என்று எழுதியிருந்தது. பையனுக்குப் புகை வைத்த ராத்திரிகள்.

மாணவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் காலண்டர் ஓர் அறிவியல் ஆவணம். வெளிப்பாடும் விளைவும் ஒரே தாளில் தேதியோடு இருக்கின்றன. அந்த ராத்திரிகளில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று வானிலைத் துறைப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பக்கத்து ஆலைகளில் விசாரிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நம் கருவிகள் பிடிக்காததை அந்த அம்மா பிடித்து வைத்திருக்கிறார்.

வடசென்னையில் காற்றின் போக்கும் தனி. பகலில் கடற்காற்று நிலத்துக்குள் நுழைகிறது. இரவில் தரைக்காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. மணலி ஆலைகள் மேற்கே இருக்கின்றன, எர்ணாவூரும் திருவொற்றியூரும் கிழக்கே. ஆகவே மணலியில் இரவில் விடுவது இவர்கள் வாசலுக்கு வருகிறது. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று மேலெழாமல் படிந்து கிடக்கும் நேரம் அது. பகலில் இதற்கு நேர்மாறான இன்னொன்று நடக்கிறது. கடலோர அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை, கடற்காற்றின் அமைதியான மேலடுக்கில் கலையாமல் உள்ளே போகிறது. சில கிலோமீட்டர் தள்ளி, வெயிலில் சூடான நிலத்திலிருந்து கொந்தளித்து எழும் காற்றைத் தொட்டதும் மொத்தமாகக் கீழே இறங்குகிறது. ஆலைக்கு அருகே உள்ள கருவியில் ஒன்றும் தெரியாது, தொலைவில் உள்ள ஊரில் கண் எரியும். சமவெளிக்கான சூத்திரத்தைக் கடற்கரைக்குப் போட்டால் இந்த ஊர் கணக்கிலேயே வராது. கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்கள், ‘ஆலைக்குப் பக்கத்திலே இருக்கிறவங்களைவிட எங்களுக்குத்தான் அதிகம் அடிக்குது’ என்று சொல்லும்போது அதிகாரிகள் நம்பாத பார்வை பார்ப்பதுண்டு. அந்த மக்கள் சொல்வது வளிமண்டல இயற்பியல்.

இனி, நான் மிகப் பெரிய குறையாகக் கருதுவதற்கு வருகிறேன். நாம் ஒவ்வொரு ஆலையையும் தனித்தனியாக மதிப்பிடுகிறோம். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு தொடங்கியது, இன்று 1 கோடியே 5 லட்சம் டன். அதை ஒட்டி உரம், பெட்ரோகெமிக்கல். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்து 2017 வரை ஓடியது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், பிறகு அதன் இரண்டாம் கட்டம், வல்லூரில் 1500 மெகாவாட், இப்போது மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட். இடையில் நிலக்கரி இறக்கும் துறைமுகம், சாம்பல் குளங்கள், இரவும் பகலும் ஓடும் டிரெய்லர் லாரிகள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஒரு புதிய திட்டத்துக்கு மதிப்பீடு செய்யும்போது சுற்றிலும் 10 கிலோமீட்டரில், பெரும்பாலும் மழைக்காலம் நீங்கலான ஒரே ஒரு பருவத்தில் காற்றை அளப்பார்கள். தங்கள் ஆலையால் கூடப்போவது ஒரு மைக்ரோகிராமோ இரண்டோ என்று மாதிரிக் கணக்குச் சொல்லும். ஏற்கெனவே இருப்பதோடு கூட்டி, வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதுவார்கள். அந்தக் கூட்டலில் இசைவாணை வாங்கிவிட்டு இன்னும் கட்டி முடிக்காத ஆலைகள் விடுபட்டுப் போகலாம். வரம்பே வகுக்கப்படாத வேதிப்பொருட்கள் விடுபடுகின்றன. நம் தேசியக் காற்றுத்தர வரையறையில் இருப்பவை மொத்தம் 12 பொருட்கள். ஒரு பெட்ரோகெமிக்கல் வளாகத்துக் காற்று 12 பொருட்களோடு நிற்பதில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-இல் தொழிற்பகுதிகளுக்கு மொத்தமாக மதிப்பெண் போட்டுப் பார்த்தது. 70-க்கு மேல் போனால் கடுமையாக மாசுபட்ட பகுதி. வேலூர் 81.79, கடலூர் 77.45, மணலி 76.32. பகுதி முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற அந்த எண்ணம் சரியானது. ஆனால் அடுத்த ஆலைக்கு அனுமதி கேட்டு வந்தபோது மறுபடி தனி ஆலை, தனிக் கணக்கு என்ற பழைய பாதைக்கே திரும்பிவிட்டோம்.

இதற்கு மாற்று இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் ஜப்பானில் உள்ள யோக்கைச்சியைக் காட்டுவேன். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது ஏறக்குறைய நம் எண்ணூரின் கதை.

யோக்கைச்சித் துறைமுகத்தை ஒட்டி 1950-களின் இறுதியில் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் மின்நிலையமும் ஒன்றுசேர்ந்த பெரிய வளாகம் எழுந்தது. ஆற்று முகத்துவாரத்தின் மறுகரையில் இசோசு என்ற மீனவர் குப்பம். முதலில் கெட்டது மீன். எண்ணெய் வாடை அடிக்கிறது என்று டோக்கியோ சந்தையில் வாங்க மறுத்தார்கள். அடுத்து மூச்சு. குளிர்காலத்து வடமேற்குக் காற்று வளாகத்துப் புகையை நேராக இசோசுவுக்குள் கொண்டுவந்தது. நகர் முழுவதற்கும் எடுத்த சராசரி அத்தனை பயங்கரமாக இல்லை. காற்று திரும்பும் நேரங்களில் இசோசுவில் ஏறிய அளவுதான் ஆட்களைச் சாய்த்தது.

மியே மாகாண மருத்துவப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கட்சுமி யோஷிதா அப்போது செய்த காரியம் என்னைப் போன்றவர்களுக்கு இன்றும் பாடம். அவர் விலையுயர்ந்த கருவி எதையும் தேடிப் போகவில்லை. தேசிய நலக் காப்பீட்டில் மருத்துவர்கள் பணம் கேட்டு அனுப்பும் சீட்டுகளை எடுத்தார். எந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு ஆஸ்துமாவுக்கு வைத்தியம் நடந்தது என்று பகுதிவாரியாக எண்ணினார். மாசு அதிகமுள்ள பகுதிகளிலும் குறைவான பகுதிகளிலும் வந்த எண்ணிக்கையை ஒப்பிட்டார். இசோசு தனியாகத் தெரிந்தது. 1965-இல் யோக்கைச்சி நகராட்சி, தீர்ப்புக்கெல்லாம் காத்திராமல், இந்த நோயாளிகளின் வைத்தியச் செலவைத் தானே ஏற்கத் தொடங்கியது.

1967-இல் இசோசுவாசிகள் ஒன்பது பேர் ஆறு நிறுவனங்களின்மேல் வழக்குப் போட்டார்கள். நிறுவனங்களின் வாதத்தைக் கேட்டால் மணலியில் யாரோ பேசுவதுபோல் இருக்கும். எங்கள் புகை எங்கள் வரம்புக்குள் இருக்கிறது, இவருடைய ஆஸ்துமா எங்கள் புகையால்தான் வந்தது என்று நிரூபியுங்கள். 1972 ஜூலை 24 அன்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு நோயாளியின் நுரையீரலிலும் எந்த ஆலையின் அணு என்று காட்டத் தேவையில்லை, மக்கள்தொகை அளவிலான நோய்ப்பரவல் சான்றே போதும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஒரே வளாகத்தில் சேர்ந்து இயங்கும் ஆறு நிறுவனங்களும் கூட்டாகப் பொறுப்பு என்றது. மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஆலை வைக்கும்முன் அவர்கள் உடல்நலத்துக்கு என்ன ஆகும் என்று ஆராயாமல் வைத்ததே கவனக்குறைவு என்றது. உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து என்னும்போது, செலவைப் பாராமல் உலகின் மிகச் சிறந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

மறு ஆண்டே ஜப்பான் நாடாளுமன்றம் மாசு நோயாளிகளுக்கான இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. கந்தகம் விடும் ஆலைகளிடம், விடும் அளவுக்கு ஏற்பப் பணம் வசூலித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். தீர்ப்பு வந்த ஆண்டிலேயே மியே மாகாணம் ஆலைக்கு ஆலை வரம்பு என்பதை விட்டு, பகுதி முழுவதற்கும் மொத்தமாக இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கட்டி அதை ஆலைகளுக்குள் பங்கிட்டது. 1976-இல் யோக்கைச்சிக் காற்று கந்தக டைஆக்சைடு தரநிலையை எட்டியது. தீர்ப்புக்கும் அதற்கும் நடுவே நான்கு ஆண்டுகள். ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தீர்ப்புக்குமுன் அவர்கள் முயன்ற ஒரு வழியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நாம் இன்னும் அதிலேயே நிற்கிறோம். புகைபோக்கிகளை உயர்த்தினார்கள். விட்ட கந்தகம் குறையவில்லை. அது போய் விழும் பரப்பு விரிந்தது. நம் நாட்டில் அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தக டைஆக்சைடு வரம்பு முதன்முறையாக வந்தது. கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்த இரண்டு ஆண்டு அவகாசம். அது நீட்டிக்கப்பட்டது, மறுபடி மறுபடி நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில், பெருநகரங்களிலிருந்தும் மோசமாக மாசுபட்ட பகுதிகளிலிருந்தும் விலகியிருக்கும் நிலையங்களுக்கு, அதாவது நாட்டின் பெரும்பான்மை நிலையங்களுக்கு, விலக்கே கொடுத்துவிட்டார்கள். புகைபோக்கி உயர விதியை நிறைவு செய்தால் போதும். இந்த முடிவை ஒரு மருத்துவராக என்னால் ஏற்க முடியவில்லை. கந்தக டைஆக்சைடு காற்றில் போகப் போக நுண்துகளாக மாறுகிறது. அந்த நுண்துகள் மாவட்ட எல்லையிலோ மாநில எல்லையிலோ நிற்பதில்லை. இன்ன நிலையத்தால் இன்ன ஊரில் எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று காட்ட முடியாது என்பதால் பாதிப்பே இல்லை என்றாகாது. யோக்கைச்சி நீதிபதிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே கடந்துவந்த வாதம் அது.

இனி, மக்களே சான்று சேகரித்த கடலூருக்கு வருகிறேன். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்களில் இரவில் வரும் நாற்றங்களைப் பற்றி மக்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். அதிகாரி வந்து சேருவதற்குள் காற்று மாறியிருக்கும், ‘நாற்றம் எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். 2004 வாக்கில் ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். நாற்றம் வந்த நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, உடம்பில் என்ன செய்தது என்று நோட்டில் எழுதினார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பக்கெட். அதற்குள் வேதிப்பொருளோடு வினைபுரியாத ஒரு பை. நாற்றம் உச்சத்தில் இருக்கும்போது பையில் காற்றை இழுத்து மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக 1995-இல் உருவான எளிய கருவி அது. கடலூர் மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருட்கள் தெரிந்தன. அவற்றில் 8 புற்றுநோய் தருபவை. அபாயகரக் கழிவுகளுக்காக உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு 2004-இல் கடலூருக்கு வந்து பார்த்தது. 2009-இல் பென்சீன் முதன்முறையாகத் தேசிய வரையறைக்குள் வந்தது. அதற்கு முன்பே அதைத் தங்கள் ஊர்க் காற்றில் தேடிப்போனவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

பிறகு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொண்டதன்பேரில் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி கடலூரில் ஆய்வு செய்தது. சிப்காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000 மடங்கு என்ற செய்தி 2008-இல் பரவலாக வெளிவந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஊரில் பெண் கொடுக்கத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். இத்தகைய எண்ணை எப்படி வாசிப்பது என்று மக்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வகை மதிப்பீடுகளில் ஒப்பீட்டுக்கு வைக்கும் அளவு வழக்கமாகப் பத்து லட்சம் பேரில் ஒருவர். அதன்படி வாசித்தால் 2000 மடங்கு என்பது ஆயிரத்துக்கு இரண்டு பேர். பீதியடைந்து ஊரைவிட்டு ஓட வேண்டிய எண் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நாகரிக அரசும் பொறுத்துக்கொள்ளக் கூடாத எண் என்று உறுதியாகச் சொல்வேன்.

பென்சீனையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கனமீட்டரில் 1 மைக்ரோகிராம் பென்சீனை வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தால் பத்து லட்சம் பேரில் ஆறு பேருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய் வரும். நம் வரம்பு ஆண்டுச் சராசரி 5. அப்படியானால் வரம்பைச் சரியாகக் கடைப்பிடிக்கும் ஊரிலும் பத்து லட்சத்துக்கு 30 பேர், ஒரு லட்சத்துக்கு மூன்று பேர். வரம்பு என்றால் பாதுகாப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரம்பு என்பது இத்தனை பேருக்கு வரலாம் என்று அரசு போட்ட கையெழுத்து.

இதில் ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியில் எழுபது ஆண்டில் கூடுதலாக மூன்று பேருக்கு வரும் நோயை எந்தக் கணக்கெடுப்பாலும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. எப்போதும் வரும் புற்றுநோய்களுக்குள் அது மறைந்துவிடும். ஆகவே ஐயாயிரம் பேரைக் கேட்டு எழுதிவிட்டு, ‘இங்கே புற்றுநோய் கூடவில்லை’ என்று எந்தக் குழு அறிக்கை கொடுத்தாலும், இத்தனை சிறிய ஆய்வால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் அந்த அறிக்கை எதையும் மறுக்கவில்லை. புற்றுநோய்க்காகக் காத்திருப்பதைவிட மூச்சைப் பார்ப்பதே வழி. வீசிங், இரவு இருமல், பள்ளிக்கு வராத நாள், நெபுலைசர் வைத்த எண்ணிக்கை, குறைந்த எடையில் பிறந்த குழந்தை ஆகியவை சில மாதங்களிலேயே உண்மையைச் சொல்லிவிடும்.

என்ன செய்யலாம் என்பதை நீட்டாமல் சொல்கிறேன். அமெரிக்காவில் சுத்திகரிப்பு ஆலைகள் தங்கள் வேலியைச் சுற்றிலும் சிறு குழல்களை வைத்துப் பென்சீனைத் தொடர்ந்து அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அளவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்தது. வேலியோர அளவுகளில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஆண்டுச் சராசரி 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும். மின்சாரமே தேவைப்படாத குழல்கள் அவை. மணலிக்கு அது கட்டாயம் வேண்டும். புகைபோக்கிக் கருவிகளிலிருந்து வாரியத்துக்கு நேரடியாக வரும் தரவை மணிவாரியாக, உச்ச அளவோடு, தமிழில், ரேஷன் கடை வாசலில் தெரியும்படி வைக்க வேண்டும். எண்ணூர், மணலி வட்டாரத்தில் எல்லா ஆலைகளையும் ஒன்றாகச் சேர்த்து உடல்நல மதிப்பீடு செய்து, மொத்த உச்சவரம்பு கட்டும்வரை அங்கே இன்னொரு புகைபோக்கிக்கு அனுமதி கூடாது. இது ஆலைகளுக்கு எதிரான பேச்சு என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆலைகளின் உள்ளே ஒப்பந்தத் தொழிலாளியாக முகமூடிகூட இல்லாமல் நிற்பவரும் பக்கத்துக் குப்பத்துக்காரர்தான், அவருக்காகவும்தான் பேசுகிறேன்.

நம்மிடம் யோஷிதாவுக்குக் கிடைத்ததைவிட நல்ல பதிவுகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கோரிக்கைகள் கணினியில் கிடக்கின்றன. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் யாருக்கு எப்போது நெபுலைசர் வைத்தோம் என்று செவிலியர் எழுதும் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேடுகளை இதுவரை யாரும் காற்றின் அளவோடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்றால், பார்க்கத் தொடங்குவதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.

இந்த அரங்கில் சுகாதாரத் துறை அதிகாரிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. திருவொற்றியூர், மணலி மண்டலங்களின் கடந்த ஐந்து ஆண்டு நெபுலைசர் பதிவேடுகளை, நோயாளிகளின் பெயர்களை மறைத்துவிட்டு, தேதியும் தெருவும் வயதும் மட்டும் இருக்கும்படி இந்தப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படையுங்கள். எண்ணிப் பார்க்க ஆட்கள் வேண்டுமென்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த மாணவர்கள் இருக்கிறார்கள். நானும் வருகிறேன்.